பட்டியலில் சேர்ந்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்
குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. ஆனால் பாட்டு வந்துவிட்டது. மேல்சந்துப் பையன்களும் கீழ்சந்துப் பையன்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாவதைப் பற்றி. வழக்கம்போலச் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் போனேன். லாசெல் பதிவு செய்தான். சனிக்கிழமை தெரு நடனத்தில் தன் ஸ்பீக்கர்களில் போடுவானாம். ஆடும்போதாவது இந்தக் கிங்ஸ்டன்காரர்களுக்குக் காது கேட்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு
நேற்று நடனத்தில் பெயர்கள் ஒலித்தன. கடைசிப் பெயருக்குப் பின் என் குரல் இன்னொன்றையும் சொன்னது. "ஓம்ரி."
என் தம்பி.
நான் அதைப் பாடவே இல்லை. ஆடிய கூட்டம் அப்படியே நின்றது. ஓம்ரி அங்கேதான் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தான். "ஏக்கா, என்னை எப்போ புதைச்ச? சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேன்ல!" எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இரண்டு சந்துக்கும் டாக்ஸி ஓட்டுகிறவன் அவன். இவன் உளவு சொல்கிறான் என்று இரண்டு பக்கமும் சந்தேகம்.

மார்ச் 9
பெயர்களை அடியோடு விட்டுவிட்டு மறுபடி பாடினேன். போட்டுக் கேட்டோம். கொஞ்சம் மௌனம் — பிறகு, "ஓம்ரி". லாசெல் பதிவைக் கழற்றி என் கையில் திணித்தான். "இதை நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."
நானா சொன்னேன்? எப்போ சொன்னேன்? பயமா இருக்கு.

மார்ச் 11
ஓம்ரியின் டாக்ஸியில் யாரும் ஏறுவதில்லை.

மார்ச் 13
பக்கத்து வீட்டு ஐக்லின் மீன் பொரித்தபடியே சொன்னாள்: "பேரைக் கூப்பிட்டாச்சு. சாவு வரத்தான் செய்யும். ஒன்பதாம் ராத்திரியை நாமளே முந்திச் செஞ்சுட்டா, ஆள் ஏற்கெனவே போயாச்சுன்னு நெனச்சு அது திரும்பிடும்."
செத்தவன் ஆவி வீட்டை அடையாளம் கண்டு திரும்பிவிடக் கூடாதென்று, செத்து ஒன்பதாம் நாளான அந்த ராத்திரியில் கட்டிலைப் புரட்டுவோம், சாமான்களை இடம் மாற்றுவோம். அதை உயிரோடு இருப்பவனுக்கு யார் செய்வார்கள்? செய்யலாமா? தம்பியாச்சே. வேற என்னதான் செய்வேன்?

மார்ச் 15, ஞாயிறு
செய்துவிட்டோம். அவன் கட்டிலைப் புரட்டினோம், அலமாரியை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம், மூலைக்கு மூலை ரம் தெளித்தோம். முற்றத்தில் டோமினோ ஆடிக்கொண்டே ஓம்ரி கத்தினான்: "என் சாவுக்கு இவ்வளவு ரம்தானா? சரியான கஞ்சம்க்கா நீ!" கடைசியில் வழக்கப்படி வாசலில் நின்று, "இது உன் வீடு இல்லை, போ" என்றேன்.
அப்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 17
கீழ்சந்து முனையில் டாக்ஸியைச் சுட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை முழுக்க ஓட்டை. அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை! ஐக்லினைக் கட்டிப்பிடித்து அழுதேன். போலீஸ் விசாரணை முடிந்து சாயங்காலம் வருவான். அவனுக்குப் பிடித்த மீன் வாங்கிவைத்தேன்.

மார்ச் 18
வரவில்லை. காலையில் எங்கள் கேட்டைத் தாண்டி நடந்துபோனான். "ஓம்ரி!" என்றேன். நான் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்தவன்போலச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 29
கட்டிலைப் பழையபடி போட்டேன். அலமாரியையும் நகர்த்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டை டாக்ஸியில்தான் படுத்துக்கொள்கிறான்.
இன்று துணிந்து பாட்டைப் போட்டேன். அவன் பெயர் அதில் இல்லை. பாட்டு முடியும்வரை கேட்டருகே ஒருவன் நின்று கேட்டான்.
"நல்லாப் பாடுறீங்க" என்றான் என் தம்பி. "இந்தச் சண்டையில உங்க வீட்லயும் யாராவது போயிட்டாங்களா?"
"தம்பி" என்றேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றான். மீன் வைத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றுவிட்டு, தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனான்.