அரை இஞ்சு இறக்கம்

சென்னை
12.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள். அதனால்தான் கடிதம். எங்கள் ஓவியக் கல்லூரிக் கண்காட்சிப் புத்தகத்தைத் நம் தையல் கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதினாலாம் பக்கம் நான் வரைந்தது. உடுப்பில்லாத பெண். பார்த்ததும் மூடிவிடாதீர்கள். எக்ஸ்பிரஷனிசம் என்று ஒரு பாணி. உள்ளே படுகிற பாட்டையெல்லாம் உடம்பில் நிறமாகவும் கோணலாகவும் போடுவது. அவள் எங்களுக்கு மாடலாக நிற்கிறவள். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அன்பு மகள்
ப்ரியதர்ஷினி

சங்கரன்கோவில்
17.6.2025

அன்பு மகளுக்கு,

மூடத்தான் செய்தேன். மிஷினில் உட்கார்ந்தபடியே பிரித்தேன். பக்கத்தில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற தங்கத்தாய் எட்டிப் பார்த்துவிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ அண்ணாச்சி, உடம்பெல்லாம் பச்சையா நிக்கா. குளிருதோ என்னமோ" என்றாள். ஊருக்கே உடுப்புத் தைக்கிறவன் மகள் இப்படி வரைந்தால் சிரிக்கமாட்டார்களா? எனக்குக் கோபம்தான். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு இது தெரியுமா?

இப்படிக்கு
முத்துக்கிருஷ்ணன்

சென்னை
23.6.2025

அன்புள்ள அப்பா,

'அப்பா' என்று போடாமல் பெயரை எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இனி முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று பயந்து கிடக்கிறாள். நீங்கள் சொன்னால் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுகிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் வரலாமா?

ப்ரியா

சங்கரன்கோவில்
28.6.2025

என் செல்ல மகளுக்கு,

அவள் அப்பாவுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்த அன்றே தெரியும். முகத்தை மறைத்தால் போதுமா? இடது தோள் அரை இஞ்சு இறக்கம். ஆறாம் வகுப்பு யூனிபார்மிலிருந்து உன் உடுப்பில் மட்டும் அந்தத் தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்து வருகிறேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான். நாம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

நீயோ அந்தத் தோளை இன்னும் இறக்கி, அங்கே மட்டும் ரத்தச் சிவப்பாக அடித்திருக்கிறாய். நாலைந்து தடவை பார்த்த பிறகுதான், நான் வைத்த பஞ்சு உனக்கு எத்தனை வருஷமாக உறுத்தியிருக்கிறது என்று புரிந்தது. கடையில் உட்கார்ந்தே அழுதுவிட்டேன். தங்கத்தாய் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

கோபம் முழுசாகப் போகவில்லை. யாரோ மாடல் என்று பொய் சொன்னாயே, அந்தக் கோபம். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். படத்தை இறக்காதே.

தபசுக்கு வந்து சேர். மாம்பழக் கலரில் உனக்கு ஒரு ரவிக்கை தைத்து வைத்திருக்கிறேன். பஞ்சு வைக்கவில்லை.

அப்பா