முகத்துவாரம் வெட்டாத மாரி

ஒக்ரோபர் 14
ஊரை ஒட்டிய கடலோரக் களப்பின் ஆழத்தை அளந்து முடித்தேன். சுற்றுலாப் படகு தரை தட்டாமல் பட்டினம் வரை போக ஒன்றேகால் மீற்றர் ஆழம் வேண்டும். இருக்கிறது. தெருவால் வரும் வெளிநாட்டுக்காரர் குழிகளைத்தான் பார்ப்பார்கள். படகில் வந்தால் தேவாலய வாசலில் இறங்கலாம், சந்தையும் கிட்ட. என் டிப்ளோமாவுக்கு ஊரில் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

நவம்பர் 9
விடாத மழை. கரையில் அந்தோனியார் சுருவம் நிற்கும் பீடத்தின் இரண்டாம் படியைத் தண்ணீர் தொட்டால், பங்குச் சாமியார் செபம் சொல்ல, எல்லோரும் போய் முகத்துவாரத்து மணலை வெட்டிக் களப்பைக் கடலோடு சேர்ப்பார்கள். வெள்ளம் வடியும், கடலிலிருந்து இறால் ஏறும். ஆனால் ஆழம் போய்விடும். படகின் முதல் பயணம் டிசம்பர் 5.

நவம்பர் 16
படியைத் தொட்டுவிட்டது. படகுக் கொம்பனி முகாமையாளர், முதல் பயணம் முடியும்வரை வெட்டை மூன்று கிழமை தள்ளக் கேட்டார். தண்ணீர் இன்னும் அறுபது சென்ரிமீற்றர் ஏறினாலும் கரை தாங்கும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மீனவர் சங்கத்தில் தலைவர் ஸ்ரீபன், "தம்பி, உன்ர அளவுகோல் மழையிட்டையும் கேட்டதோ?" என்றார். ஒரே சிரிப்பு. "படிக்கல்லில மீற்றர் போட்டிருக்கோ அண்ணை?" என்றேன்.

கலிஸ்ரா அக்காவின் புருசன் அன்ரன் அத்தான் எழுந்தார். வீட்டில் என்னை 'படிப்புக் கொப்பிக்குள்ள மீன் பிடிக்கிறவன்' என்பவர். "எங்கட பெடியன் படிச்சுப்போட்டுத்தானே சொல்லுறான். பொறுப்பம்." முகத்துவாரத்துக்குக் கிட்ட இருப்பது வள்ளமும் வலையும் வைக்கும் அவருடைய வாடி. அவரே சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை.

நவம்பர் 17
கலிஸ்ரா அக்கா: "உனக்காகத்தான் அவர் எழும்பினவர். கணக்குச் சரிதானே?" சரி என்றேன்.

நவம்பர் 26
களப்புக்கு மேலே உள்ள குளம் நிரம்பி, அதன் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நான் மழையை மட்டும்தான் கணக்கெடுத்தேன். குளத்தை ஏன் எடுக்கேல்லை? ஏன் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை? படிக்கு மேலே ஊரார் விட்டுவைத்த இடமே குளத்துத் தண்ணீருக்குத்தான். மண்வெட்டிகளோடு ஓடினோம். முகத்துவாரத்தில் நின்று வெட்ட மண் இல்லை, எல்லாம் தண்ணீருக்குள்.

நவம்பர் 27
களப்பு தானே உடைத்துக்கொண்டது. வெட்டும் இடத்தில் அல்ல, அத்தானின் வாடியடியில். வாடி, வள்ளம், வலை எல்லாம் கடலுக்குள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் 5
பயணம் இல்லை. தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் சரிந்து கிடக்கிறது. இறால் ஏறியிருக்கிறது; ஊரெல்லாம் பிடிக்கிறார்கள். அத்தான் கரையில் நின்று பார்த்தார். "உன்ர படகாவது மிஞ்சிச்சுதே, எஞ்சினியர்."

டிசம்பர் 19
சங்கத்தில் என் பிழை என்று சொன்னேன். யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஜனவரி 12
கொம்பனி வேறு மாவட்டத்தில் ஓர் ஆறு பிடித்திருக்கிறது. அளக்கக் கூப்பிட்டார்கள். அளவுத்தடி பிடிக்க நாட்கூலிக்கு ஓர் ஆளும் வேண்டுமாம்.

கேட்க வந்ததை இரண்டு நாள் விழுங்கிவிட்டு, இன்று அத்தானிடம் அந்த வேலைக்கு வாறீங்களோ என்று கேட்டேன். ஒரு நக்கலாவது வரும் என்று நின்றேன்.

"எத்தினை மணிக்கு வரோணும்?" என்றார்.