இடப்பக்கம் பார்த்த முகம்

11 ஜூன் 1978, ஞாயிறு

மழை விடவே இல்லை. கமலாக்ஷி சேனை வாங்கிவரச் சொன்னாள் என்று குடையோடு மட்டாஞ்சேரிச் சந்தைக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரி அங்கம்மாள் சாக்குக்குள் குனிந்தபோது தாலிக் கயிறு முன்னால் தொங்கியது. தாலிக்குப் பக்கத்தில் ஒரு பொற்காசு. ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸ். அந்த மூக்கு எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளாகக் கமலாக்ஷியோடு மட்டுமா, பழங்காசுகளில் இருக்கும் இந்த மூக்குகளோடும் சேர்த்துத்தானே குடித்தனம்.

ஆனால் முகம் இடப்பக்கம் பார்த்திருந்தது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்த புத்தகங்களையெல்லாம் இறக்கிப் பார்த்தாயிற்று. டைபீரியஸின் இந்த வகைத் தங்கக் காசில் முகம் எப்போதும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நான் பார்த்தது நிஜமா? சேனை வாங்க மறந்துவிட்டேன்.

13 ஜூன்

நேற்றும் போனேன், இன்றும் போனேன். தேவையே இல்லாத வெள்ளரிக்காய், பாவக்காய். எப்போது குனிவாள் என்று நின்றேன். குனிந்தாள். நானும் கழுத்தை நீட்டினேன் —

"சாமி, எங்க பாக்கீய?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. "ப்ராயம் ஆயில்லே சாமீ?" — வயசாகவில்லையா என்று மலையாளத்தில் கேலி செய்தான் பக்கத்து முட்டைக்கடைக்காரன். ஐம்பது தாண்டிய பிறகு இந்தப் பெயரையும் வாங்கியாயிற்று. என்னென்னவோ உளறிவிட்டு ஓடிவந்தேன்.

வேறு யார் வாயாலாவது போவதற்குள் கமலாக்ஷியிடம் நானே சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு.

18 ஜூன்

கமலாக்ஷி எனக்காகத் தூது போய்வந்தாள். காசு அங்கம்மாளின் கல்யாணத்தில் மாமியார் போட்டதாம். திருநெல்வேலிப் பக்கம் உழவில் கிடைத்ததாம். "அவுக இருக்கந்தன்னியும் இத நான் கழட்டப்பிடாதும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். புருஷன் உயிரோடு இருக்கிறவரை கழற்றக் கூடாதாம்.

ஒரு நாள் மட்டும் விலக்கு. ஆடிப் பதினெட்டன்று புதுக் கயிறு மாற்றுவாள். அப்போது தாலி, குண்டு, காசு எல்லாவற்றையும் தட்டில் எடுத்துவைத்துத் திரும்பக் கோர்ப்பாள். அந்த நேரத்தில் சாமி வந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்றாளாம்.

ஆடிப் பதினெட்டு! அதுவரை நான் என்ன செய்வது?

3 ஜூலை

இடப்பக்க முகத்தைப் பற்றி மெட்ராஸ் நாணய நிபுணர் ஒருவருக்கு எழுதியிருந்தேன், பதில் வந்தது. நான் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்திருப்பேனோ என்று கேலி. இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பினால் யோசிக்கலாமாம்.

அனுப்புகிறேன், பாரும். மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டைக்குச் சீட்டெழுதும் குமாஸ்தா அனந்தநாராயணன் கண்டெடுத்தது என்று நீரே அச்சடிக்கிற நாள் வரும். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

10 ஜூலை

ஆபீஸில் இன்றும் கூட்டல் தப்பு. மானேஜர் கத்தினார். நாள் நகர மாட்டேன் என்கிறது.

15 ஜூலை

அங்கம்மாள் கடை மூடிக்கிடக்கிறது. அவள் புருஷன் இசக்கிமுத்துவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். எங்கள் கம்பெனிப் பண்டகசாலையில் மூட்டை தூக்குகிறவன்தான். எறணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது? எழுதித்தான் ஆகவேண்டும். அவன் போய்விட்டால் தாலி இறங்கும், ஆடிப் பதினெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

சீ. நானும் ஒரு மனுஷனா?

20 ஜூலை

படகேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன், இளநீர் வாங்கிக்கொண்டு. கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். "சாமி எதுக்கு எனக்காவ இம்புட்டுத் தூரம் வந்தீய" என்று அழுதுவிட்டான். அங்கம்மாள் என் காலில் விழாத குறை.

வெளியே டாக்டரைப் பிடித்து விசாரித்தேன். பிழைப்பானா என்று கேட்டேனா, எத்தனை நாள் என்று கேட்டேனா? எனக்கே ஞாபகமில்லை.

24 ஜூலை

இன்றும் கிளம்பினேன். கமலாக்ஷி வாசலை மறித்துக்கொண்டாள்.

"ஏன்னா, யாரைப் பாக்கப் போறேள்? அவனையா, அவ கழுத்தையா?"

"என்னடி பேசறே!" என்று கத்தினேன். அவள் நகரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு — எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிழைச்சுடுடா இசக்கி. நிஜமாத்தாண்டா சொல்றேன். பிழைச்சுடு.

27 ஜூலை

இசக்கிமுத்து போய்விட்டான்.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு. கமலாக்ஷி சித்திரான்னம் செய்தாள். இருவருக்கும் இறங்கவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

அங்கம்மாள் திரும்பக் கடை போட்டுவிட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து சந்தைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் ஆபீஸ் போய்வந்தேன். இன்று தெருமுனையில் அவளே என்னைக் கூப்பிட்டுவிட்டாள். வெறுங்கழுத்து. சுருக்குப்பையைத் திறந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்க சாமி. இனி எப்பம் வேணும்னாலும் பாக்கலாம். அவுக சீக்காக் கெடக்கையில நீங்க வந்து பாத்தத நான் மறக்க மாட்டேன்."

முகம் இடப்பக்கம். திருப்பினேன். மற்றக் காசுகளில் பின்பக்கத்தில் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணும் இதில் இடப்பக்கம். என் கண்ணுக்கு அசல்தான், வார்த்துச் செய்த போலி இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாத காசு என் கையில் இருக்கிறது. சந்தோஷமாகவும்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? படம் எடுக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, "நான் பாத்தது சரிதாண்டி" என்றேன் கமலாக்ஷியிடம்.

அவள் தன் தாலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.