தெர்மாகோல் இளவட்டக்கல்

ஜன. 7, புதன்

பனி. பைக் ஸ்டார்ட் ஆக நேரம். கம்பெனிப் பொங்கல் விழா இந்த முறையும் என் தலையில். எச்.ஆர். என்றால் எல்லாம் வரும். சின்ன முதலாளி யோசனை: அந்தக் காலத்து ராஜாக்கள் விளையாட்டு, ஜனங்கள் விளையாட்டு. தேடிப் பார்த்தது: ராஜாவுக்கு வேட்டை, யானைச் சண்டை, சொக்கட்டான். ஜனங்களுக்கு உறியடி, ஆடுபுலி, கல் தூக்குதல்.

தையல் பிரிவு இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம்: "எங்கூர்ல அந்தக் காலத்துல இளவட்டக்கல்லத் தூக்கித் தோள்ல போட்டாத்தான் பொண்ணு குடுப்பாவ சார்."

எனக்கு முப்பத்தாறு. இப்போது சொந்த வீடு, கார், தோட்டம் கேட்கிறார்கள். கல்லே தேவலை. ஊத்துக்குளியில் பெண் பார்த்துவிட்டு வந்து நாளாயிற்று, பதில் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜன. 8, வியாழன்

திருமுருகன்பூண்டி சிற்பக்கூடத்தில் உருண்டைக் கல் கேட்டேன். தருகிறார்கள். எங்கள் சேஃப்டி ஆபீசர்தான் விடவில்லை. "யாரு கால்லயாவது வுழுந்தா ஆடிட்ல என்னங்க எழுதறது?" நியாயம். பந்தல்காரரிடம் தெர்மாகோலில் ஒன்று சொல்லியாயிற்று. சாம்பல் பெயிண்ட், மேலே மணல்.

ஜன. 10, சனி

விழா. நல்ல வெயில். சின்ன முதலாளி கிரீடம் வைத்துக்கொண்டு சோபாவில். உறியடியில் பானை தப்பித்தது, மைக் ஸ்டாண்டு உடைந்தது. இளவட்டக்கல்லை எல்லோரும் தூக்கினார்கள். கேண்டீன் அக்கா ஒற்றைக் கையில். நானும் தோளில் வைத்துப் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஒரு போட்டோ.

இசக்கியம்மாள்: "அப்படியே தாலியையும் கட்டிருங்க சார்."

ஜன. 11, ஞாயிறு

அம்மா அந்தப் போட்டோவைத் தரகருக்கு அனுப்பியிருக்கிறார். தரகர் ஊத்துக்குளிக்கு. பெண்ணின் அப்பாவே போன் செய்தார்: "இந்தக் காலத்துல ஒடம்ப இப்படி வெச்சிருக்கறது யாருங்க? எங்களுக்குச் சம்மதமுங்க. புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

அம்மாவிடம் தெர்மாகோல் என்றேன். "வாய மூடிட்டு இரு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை நினைத்தால் இன்னும் வெட்கம். சட்டை இஸ்திரி பாக்கி.

ஜன. 14, புதன்

பொங்கலுக்கு முதல் நாள், காப்புக் கட்டு. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ வாசலில் செருகியாயிற்று. பத்து மணிக்குப் புது நம்பர். அந்தப் பெண்.

"என்னையப் புடிச்சிருக்குதுங்களா?"

"புடிச்சிருக்குதுங்க. ஆனா அந்தக் கல்லு தெர்மாகோலுங்க."

சொல்லிவிட்டேன். போனால் போகட்டும்.

அந்தப் பக்கம் மிக்சி ஓடியது, நின்றது.

"அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"சொல்லிப்போடாதீங்க. கல்யாணம் முடியட்டுமுங்க."