நோய் அறைக் கதவில் வேப்பிலை

ஜூலை 6, 2009. திங்கள்.

விடாத மழை. விடுதியில் நோய் அறை ஒன்று தயார் செய்ய உத்தரவு. பன்றிக் காய்ச்சல் கல்லூரிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வார்டன் சயாமா, பர்மியத்தில் டீச்சரம்மா, கூட்டம் போட்டுச் சொன்னார். பொறுப்பு: நான். சாவிக் கொத்து வைத்திருக்கிறவள் தலையில்தானே எல்லாம் விடியும்.

பழைய இஸ்திரி அறையைக் காலி செய்தாயிற்று. கட்டில் 4. கொசுவலை 4 (ஒன்றில் ஓட்டை). தெர்மாமீட்டர் 2. பிளீச்சிங் பவுடர். மூடி போட்ட வாளி. த்வாண்டே மண்பானையில் தண்ணீர், சன்னலடியில்.

கதவில் ஒரு தாள்: "உள்ளே போகிறவர்கள்". காய்ச்சல்காரப் பெண்ணுக்குக் கஞ்சி கொடுக்க, உடம்பு துடைத்துவிட. முதலில் என் பெயரை எழுதிவிட்டுப் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் வேறு பெயர் இல்லை. பேனாவும் இல்லை.

ஜூலை 8. புதன்.

முகமூடி தைக்கத் துணி வாங்க பபேடான் கடைத்தெரு. விடுதிக்கு என்றதும் துணிக்கடை பாய் நாடா ஒரு கட்டு சும்மாவே வைத்தார். "புள்ளைங்களுக்குத்தானே, கொண்டு போங்கம்மா." நன்றாக இருக்கட்டும் மனிதர். பஸ்ஸில் நன்றாக நனைந்தேன், துணி நனையவில்லை.

பெருக்கித் துடைக்கும் முனியம்மாவிடம் கேட்டேன், உள்ளே போவாயா என்று. "வேணாங்க்கா. வூட்ல கைப்புள்ள இருக்கு. கோவிச்சுக்காதீங்க." கோபம் இல்லை. மனசு கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். சமையல்கார டோ கின் யோசிக்கிறேன் என்றாள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆனாடே, சங்கோசம். யோசிக்கிறேன் என்றாலே இல்லை என்றுதான் பொருள்.

ஜூலை 10. வெள்ளி.

காலி அறை கிடைத்ததென்று பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். உள்ளே வராதீர்கள் என்று பர்மியத்தில் எழுதி ஒட்டியதை யார் மதித்தார்? எங்கள் வீட்டு வழக்கம் நினைவு வந்தது: வாசலில் வேப்பிலை கண்டால் வெளியாள் நுழைய மாட்டார். பம்படி மரத்தில் இரண்டு கொத்து ஒடித்துக் கட்டினேன்.

பத்து மணிக்கு இலையைக் காணோம். டோ கின் அவித்துப் புளியோடு மேசையில் வைத்திருக்கிறாள். தமா, அதாவது வேப்பந்தளிர், கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியதாம், தனக்காகத்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தாளாம். இந்த ஊரில் வேப்பிலை கறி என்று பிறந்ததிலிருந்து தெரியும். நான்தான் மடச்சி. நாற்காலி போட்டு ஏறி உயரத்தில் கட்டினேன்.

ஜூலை 11. சனி.

மதியம் மீன் பொரிக்கவில்லை. அவித்த காய், சோறு. பெண்கள் முகம் தொங்கிவிட்டது. விசாரித்தால், முனியம்மா வேலை. வேப்பிலையைப் பார்த்து யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு கட்டி அடுப்படியில் போய் நின்றுவிட்டாள். "ஆத்தா வந்திருக்கா, தாளிக்கப்படாது." எதற்கு வம்பு என்று டோ கின்னும் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டாள்.

நோய் அறை வாசலில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் முனியம்மா. "உள்ள எந்தப் புள்ளக்கா? நான் போய்ப் பாத்துக்கறேன். ஆத்தா இருக்கற எடத்துல என்ன பயம்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தாளில் ஒரு பெயர் கூடியிருக்கும். மனசு வரவில்லை. "அம்மை இல்ல முனியம்மா. உள்ள இன்னும் யாருமில்ல. இது அந்தக் காய்ச்சலுக்குப் போட்ட அறை. ஒட்டிக்கும்." சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

தாளில் நான் மட்டும். நானே விழுந்தால் யார் வருவார்கள்? இதுவரை தோன்றாத கேள்வி.

ஜூலை 14. செவ்வாய்.

காலையிலிருந்து தலையிடி, குளிர். 102. இரண்டாவது தெர்மாமீட்டரிலும் 102. ஆக, முதல் நோயாளி சாட்சாத் நானே. டாக்டர் எட்ட நின்று பார்த்தார். என்ன காய்ச்சல் என்று தெரியாது, ஒரு வாரம் வெளியே வரக் கூடாது.

கட்டில் 1. பானை எட்டவில்லை. எந்தப் புண்ணியவதி அதைச் சன்னலடியில் வைத்தாள்?

எனக்கென்று ஊரில் யாருமில்லை. கதவையே பார்த்துக் கிடந்தேன். பயமாக இருந்தது.

ஜூலை 15. புதன்.

கதவு திறந்தது. முனியம்மா. முகமூடி தலைகீழ், கையில் கஞ்சி.

"கைப்புள்ள?"

"க்யிம்யிண்டைங்ல தங்கச்சி வூட்ல விட்டுட்டேன். ஒரு வாரம் இங்கதான்."

"இது அம்மை இல்லன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதான் வந்தேன். ஆத்தான்னு சொல்லி என்னை உள்ள அனுப்பியிருக்கலாம். நீங்க அனுப்பல." பானையைக் கட்டிலருகே நகர்த்தினாள். கேட்கவே இல்லை, அவளாகவே.

அழுதேன். காய்ச்சலில் கண் கலங்கும் என்று எழுதத் தோன்றுகிறது. அது இல்லை. நன்றி.

ஜூலை 17. வெள்ளி.

100. கஞ்சியில் கசப்பு. டோ கின் உபயம், தமா தளிர். அவளே கொண்டு வந்தாள், வாசலோடு நிற்காமல். யோசித்து முடித்துவிட்டாளாம். ஒரு வாய் விடாமல் சாப்பிட்டேன்.

ஜூலை 21. செவ்வாய்.

வெளியே வந்தேன். வெயில். என்ன காய்ச்சல் என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. வந்து போனவர்கள் எல்லோரும் நலம். கடவுளே, அது போதும்.

கதவுத் தாளைப் பார்த்தேன். முனியம்மாவின் கட்டைவிரல் ரேகை. டோ கின்னின் உருண்டை எழுத்து. வார்டன் சயாமா. முதலில் இருந்த என் பெயரை அடித்து, பக்கத்தில் "கட்டில் 1" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

எல்லாப் பெயருக்கும் கீழே என் பெயரை மறுபடி எழுதினேன், நாலாவதாக.

இன்று வேலை: கட்டில் 2, 3, 4-க்கும் கைக்கெட்டத் தண்ணீர். கொசுவலை ஓட்டை. கதவுக்குப் புது வேப்பிலை, உயரத்தில். டோ கின்னுக்குத் தனியாக ஒரு கொத்து, கைக்கு எட்டுகிற இடத்தில்.