பெல் அடிக்காத சைக்கிள்

லம்பா லைன்
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பு மகள் சுகுணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி கோகுல் எழுதுவது. இங்கே நானும் இவனும் சுகம், திக்லிபூரில் வேலையில் இருக்கும் அப்பாவும் சுகம் என்று நேற்றுப் பேசியபோது சொன்னார், திருச்சியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பிக்கை மட்டும்தான், போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்ட குரலாக இல்லை. இந்தக் காலத்தில் என்னம்மா கடிதம் என்று சிரிக்காதே. போனில் சொன்னால் ஆஸ்பத்திரி டூட்டி அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், எதற்குச் சரி சொன்னாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பையா அண்ணன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்ட் போகிறார், அவர் கையில் கருவாடும் தேங்காய் எண்ணெயும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் காகிதமும். என் வலது கையில் கட்டு இருப்பது உனக்குத் தெரியும், கஞ்சி வடிக்கும்போது பட்டது, நர்ஸ் வேலையை என்னிடம் காட்டிக்கொண்டு போட்டோ அனுப்பு போட்டோ அனுப்பு என்று கேட்காதே, நீ சொன்ன மருந்தைத்தான் போடுகிறேன். அதனால் எழுதுகிற வேலையை இவனுக்குத் தண்டனையாகக் கொடுத்திருக்கிறேன். இவன் செய்த காரியத்தை இவன் கையாலேயே உனக்கு எழுதட்டும். (அக்கா, குற்றவாளியே குற்றப்பத்திரிகை எழுதுவது உலகத்திலேயே இதுதான் முதல் முறை. முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார். அடைப்புக்குள் இருப்பதை மட்டும் வாய்க்குள்ளேயே படித்துக்கொள்வேன்.)

விஷயம் உன் நீலச் சைக்கிள். நீ பத்தாவது படிக்கும்போது அப்பா வாங்கித் தந்தது, நீ போன பிறகு துடைத்து, பழைய புடவையைப் போர்த்தி, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தேன், மழைக்காலத்தில் செயினுக்கு எண்ணெய்கூட விட்டேன். ஒருநாள் புடவையை எடுத்துப் பார்த்தால் உள்ளே சைக்கிள் இல்லை, அது என்னவென்றே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சைக்கிள் மாதிரியும் இருக்கிறது, புல் வெட்டுகிற மிஷின் மாதிரியும் இருக்கிறது, ஒரு பக்கம் நம் வீட்டுச் சமையலறை மாதிரியும் இருக்கிறது. யாரோ காண்ட்ராக்டர் தூக்கிப்போட்ட புல் வெட்டும் மிஷினிலிருந்து எஞ்சினைக் கழற்றி எடுத்து வந்தானாம். இந்த வெட்டிப் பயலுக்கு (புல் வெட்டும் எஞ்சின் வைத்திருப்பவனை வேறு எப்படித்தான் சொல்வது, நான் கோபித்துக்கொள்ளவில்லை) யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் சப்பாத்திக் கட்டையைக் காணவில்லை என்று ஒரு வாரமாகத் தேடி, பாட்டிலை வைத்துச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். அது பாதியாக அறுபட்டு உன் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் உடைந்த குடைப்பிடி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் முன்பு இருந்தது பார், கறுப்பு பெல் ஸ்விட்ச், அது ஹேண்டில்பாரில் இருக்கிறது. இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டால் இவன் சொல்கிற பதிலுக்கு இன்னொரு ஆள் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். பெடலை மிதிக்க வேண்டுமாம், ஆனால் மிதிக்க வேண்டியதில்லையாம். சாவி இல்லையாம், ஆனால் ஸ்டார்ட் ஆகுமாம். எனக்குத் தலை சுற்றுகிறது.

(தீர்ப்புச் சொல்லப்போவது நீ என்பதால் சுருக்கமாக: இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு அறுந்துபோனது. அதனால் இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே குடைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். சப்பாத்திக் கட்டை டயரில் பதியும், டயர் கட்டையைச் சுற்றும், கட்டை எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எஞ்சின்தான் டயரைச் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் பெல் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது பெல் இல்லை, எஞ்சினை அணைக்கிற ஸ்விட்ச். விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் ஓடுகிற வேகத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பின்பிரேக் இருந்த இடத்தில் எஞ்சின் இருக்கிறது, முன்பிரேக் இருக்கிறது ஆனால் இல்லை. இன்றுவரை வண்டி ஓடியிருக்கிறது, நான் ஓடியிருக்கிறேன், அம்மா துரத்தியிருக்கிறார். மூன்று பேரில் என் மைலேஜ்தான் அதிகம்.)

இவனைக் குறை சொல்லியே காகிதத்தை நிரப்பக் கூடாது, வேறு விஷயமும் இருக்கிறது. மாடி வீட்டு ஜெயலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னைக் கேட்டார்கள். சௌல்தாரியில் சித்தப்பா தோட்டத்தில் இந்த வருஷம் பாக்கு பரவாயில்லை. உன் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை, அதற்காகத்தான் எண்ணெய் அனுப்புகிறேன், ரூமில் உள்ள பெண்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே. இவன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான் வருகிறான், இவன் கூட்டாளி பிரவீன்குமார் இப்போது வீட்டுக்கு வருவதில்லை, ஏனென்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். (நான் சொல்கிறேன். போன செவ்வாய் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை, வலப்பக்கம் சாய்த்து வைத்த வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் நான், பிரவீன்குமார், இரண்டே பேர். பள்ளியில் கேட்டால் "எங்கம்மா மேல சத்தியமா நான் தொடலடா" என்கிறான், அன்றைக்கு மத்தியானம் அவன் வகுப்பிலேயே இல்லை, பல் டாக்டரிடம் போனானாம். பல்லுக்கு எதற்குடா பெட்ரோல் என்று கேட்டேன், அதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா. அதே செவ்வாய்தான் அம்மா கையைச் சுட்டுக்கொண்டார், அன்றிலிருந்து நொண்டுகிறார், கேட்டால் செருப்பு கடித்தது என்கிறார். கஞ்சி கடிக்கிறது, செருப்பு கடிக்கிறது, இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பல் முளைத்துவிட்டது. பெட்ரோலைக் குடித்தது எந்தப் பல் என்றுதான் தெரியவில்லை.) என்னடா ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று கேட்கிறேன், கையெழுத்து அழகாக வர வேண்டாமா என்கிறான்.

அப்பா இருபதாம் தேதிக்கு மேல் லீவில் வருகிறார். அவர் கண்ணில் இது பட்டால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சைக்கிளும் போகும், இவன் முதுகும் போகும். அதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும். சைக்கிள் உன்னுடையது, ஆகையால் உன் பேச்சுதான். கபாடிக் கடையில் பழைய இரும்புக்குப் போடு என்று நீ சொன்னால் போட்டுவிடுகிறேன், எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழையபடி செய் என்றால் இவன் செய்து தர வேண்டும், அதுவரை இவன் அதைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அக்கா, கழற்றினால் பழையபடி வராது, பிரேமில் துளை போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு, அதை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். ஆனால் அது முதல்தடவை பிடித்து ஓடியபோது நீ பார்த்திருக்க வேண்டும்.) காகிதம் கிடைத்ததும் போன் செய். நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் இரு, முருகன் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் அம்மா ஜெயராணி.
வாய்: அம்மா. கை: கோகுல்.

சுகுணா, இது என் இடது கை. எழுத்து கோணல்தான், பொறுமையாகப் படி. உறை ஒட்டப் பசை வாங்கி வா என்று அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். சோற்றுப் பருக்கை போதும், அவனுக்குத் தோன்றவில்லை.

பெட்ரோல் நான்தான்.

அப்பா வருவதற்குள் கபாடிக் கடையில் போட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை வெளியே எடுத்தேன். தள்ளினால் கனம். இறக்கம்தானே, உட்கார்ந்து காலை ஊன்றியபடி உருண்டு போகலாம் என்று பார்த்தேன். புடவை மாட்டாமல் இருக்க அந்தக் குடைப்பிடியைக் கீழே தள்ளிவிட்டேன். அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. கடைக்காரர் வாசலில் நிற்கிறார், நான் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரில் ஆள், பெல் என்று நினைத்து அழுத்தினேன். சத்தம் வரவில்லை, வண்டி குதித்தது. பயந்து விரலை எடுத்துவிட்டேன், இன்னும் வேகமாகப் போனது. ஒரு பையன் "ஆண்ட்டி, ஹெல்மெட் கஹான் ஹை" என்று என் ஹெல்மெட்டைக் கேட்டுக் கத்தினான். ஏர்போர்ட் சுவர் ஓரமாகவே போனேன். மேட்டு உச்சியில் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றது. இறங்கும்போது சைலன்சர் காலில் சுட்டது, விழாமல் பிடித்ததில் கையில் சுட்டது. கஞ்சி இல்லை.

நின்று அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறேன். அப்பா பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது.

தள்ளிக்கொண்டு திரும்பும்போது கடைக்காரர் "தீதி, தேனா ஹை க்யா" என்று, இரும்புக்குப் போடுகிறாயா என்பதுபோல் தராசைக் காட்டினார். நஹீ, தரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று வீடு வரைக்கும் யோசித்தேன்.

பிரவீன்குமாரை நாளைக்கு நானே கூப்பிட்டுக் கேசரி கிண்டிக் கொடுத்துச் சொல்லிவிடுகிறேன். கோகுலிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டு, நான் பெட்ரோலைக் கீழே கொட்டிவிட்டேன் என்று கோகுலிடம் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ விற்கச் சொல்லிவிடாதே. போன் செய்யும்போது அவனை நன்றாகத் திட்டு. திட்டிவிட்டு, சரி இருக்கட்டும், ஆனால் நல்ல பிரேக் போட வேண்டும், சைலன்சருக்கு மூடி போட வேண்டும், சீட்டை ஒரு சாண் இறக்க வேண்டும் என்று உன் வாயால் சொல்.

அக்கா, நீதான் என்னைவிட உயரமாச்சே, சீட்டு எதற்கு இறக்க வேண்டும் என்று கேட்பான். கேட்டால் போனை வைத்துவிடு.

அம்மா