அதே தேதி, ஒரு வயது மூப்பு

பாறசாலை,
ஏப்ரல் 9.

அன்புள்ள லிஜிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அஞ்சுவும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா? தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனிதனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். விஷயமோ அவளைப் பற்றியது. அதனால் அயர்லாந்துக்குத் திரும்பும் பிந்துவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு தாளும் இருக்கிறது, பத்திரம்.

விளையாட்டு விடுதியில் ஏழாம் வகுப்புக்கு ஆறு பெண்பிள்ளைகளை எடுத்தார்கள். இருநூறு மீட்டர் தேர்வு ஓட்டத்தில் நம் அஞ்சு ஏழாவதாக வந்தாள். அந்த ஆறு பேரும் நெய்யாற்றின்கரையில் நம் ஜெராக்ஸ் கடையில்தான் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்தார்கள். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாதுதான். என் கண் கேட்கவில்லை. ஐந்து பேர் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் பிறந்தவர்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது ஐந்து வயது முடியாததால் ஒரு வருடம் காத்திருந்து சேர்ந்தவர்கள், வகுப்பில் அவர்கள்தான் மூத்தவர்கள். ஒருத்திக்கு ஆகஸ்ட் பத்தொன்பது, நம் அஞ்சுவின் அதே தேதி. ஆனால் முந்தின வருடம். ஓடுவது காலா, வயதா என்று எனக்கு இப்போது பெரிய சந்தேகம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று கேட்டு ஏச்சு வாங்குகிறேன்.

அவள் வகுப்பில் இளையவளானது நம்மால்தான். நீ விமானம் ஏறும் முன் அவளைச் சீருடையில் பார்க்க வேண்டும் என்றாய். ஐந்து வயது முடிய இரண்டரை மாதம் இருந்தது. நான் ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அன்று நீ அழுததைப் பார்த்த எனக்கு, செய்தது தவறு என்று இன்றும் சொல்ல மனம் வரவில்லை.

பயிற்சி கொடுக்கும் ஷிஜு சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆறிலயே ஒரு கொல்லம் கூட இருக்கட்டும். அடுத்த தடவை இவளாக்கும் முதல்ல வருவா" என்றார். விடுதியின் வயது வரம்பில் அவளுக்கு அடுத்த வருடமும் இடம் உண்டு, ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டால்தான் போச்சு. ஒரு வருடம் ஆறாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கப் பள்ளியிலும் சம்மதம்தான். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓடுவதென்றால் இவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், உனக்கே தெரியும். துள்ளிக் குதிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

சார் போனதும் காலணியைக் கழற்றி மூலையில் போட்டாள். தோழிகளைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துச் சமாதானம் சொல்லப் போனேன். அவள் கேட்டாள்: "நான் பத்தாம் கிளாஸ் முடிச்சாத்தான் திரும்பி வரும்னு அம்ம சொல்லியிருக்கு. நான் ஒரு கொல்லம் நின்னா, அம்மயும் ஒரு கொல்லம் கழிச்சாக்கும் வருமா, அப்பா?"

லிஜி, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தாளில் என் கையெழுத்து இருக்கிறது. உன் இடம் காலி. நீ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. போனில் வேண்டாம், எழுதியே அனுப்பு. அவள் பெயருக்கே அனுப்பு. அவள் படித்து முடித்ததும் நானும் வாங்கிப் படிப்பேன்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும்.

உன்,
பொன்னுதாஸ்